மீட்ட கரடியைக் காட்டில் விடாமல் வேலிக்குள் வைப்பது ஏன்?

வாசகர் கேள்வி
3 பிப்ரவரி 2024

பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்குக் குடும்பத்துடன் சென்று வந்தேன். உலாப் பேருந்திலிருந்து பார்த்த கரடிகளில் பல ஒரு காலத்தில் தெருவில் வித்தை காட்டியவை என்று ஓட்டுநர் சொன்னார். மீட்டவர்கள் அவற்றைக் காட்டில் அல்லவா விட்டிருக்க வேண்டும்? கயிற்றில் கட்டியிருந்த கரடியை வேலிக்குள் அடைத்துவிட்டு, அதை நாங்கள் கட்டணம் கொடுத்துப் பார்ப்பதற்குப் பெயர் மீட்பா?

4 பிப்ரவரி 2024

இதற்கான விடை கரடியின் முகத்திலேயே இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் உடலிலிருந்தே தொடங்குகிறேன்.

மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடும்போது இரு நாசிகளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தடுப்பைத்தான் துளைக்கிறோம். சில நாட்களில் புண் ஆறிவிடும். ஆடும் கரடிக்குச் செய்தது வேறு. குட்டியாக இருக்கும்போதே, மயக்க மருந்து ஏதுமின்றி, பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஊசியை மூக்கின் மேற்புறத்தில் இறக்கி, எலும்பையும் குருத்தெலும்பையும் ஊடுருவச் செய்து, அந்தத் துளையில் முரட்டுக் கயிற்றைக் கோத்துவிடுவார்கள். கயிறு அசைந்துகொண்டே இருப்பதால் புண் முழுமையாக ஆறுவதே இல்லை. கடிக்காமலிருக்கக் கோரைப் பற்களை உடைத்துவிடுவார்கள். ஆண் கரடிகள் பலவற்றுக்குக் காயடித்தலும் நடந்தது. கயிற்றைச் சுண்டும்போது வலி தாங்காமல் அது பின்னங்கால்களில் எழுந்து தவித்ததைத்தான் நாம் ஆட்டம் என்று கைதட்டிப் பார்த்தோம்.

ஆட வைக்கப்பட்டவை தேன்கரடிகள். தேன்கரடிக்கு மூக்குதான் பிழைப்பு. மண்ணுக்கடியில் இருக்கும் கறையானை அது மோப்பத்தால் கண்டுபிடிக்கிறது. நீண்ட நகங்களால் புற்றைக் கிளறி, மூச்சை ஊதி மண்ணை விலக்கி, நாசித் துளைகளை மூடிக்கொண்டு, நீட்டிய உதடுகளால் கறையானை உறிஞ்சுகிறது. அந்த உறுப்பையே சிதைத்துவிட்ட விலங்கைக் காட்டில் இறக்கிவிடுவதென்றால், அது சாவதை நாம் பார்க்க வேண்டியிருக்காது என்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

இன்னொன்று, பயிற்சி. தேன்கரடித் தாய் தன் குட்டிகளை மாதக்கணக்கில் முதுகில் சுமந்து திரிகிறது. அதன் பிறகும் அவை இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் தாயோடு இருக்கின்றன. எந்த மாதத்தில் கொன்றைக் காய் பழுக்கும், எப்போது இலுப்பைப் பூ உதிரும், எந்தச் சரிவில் ஈச்சம்பழம் கிடைக்கும், புலி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்த முதுகிலிருந்தும் அந்தக் கூட்டு நடையிலிருந்தும் கற்பவை. கண் திறந்த சில வாரங்களிலேயே களவாடப்பட்ட குட்டி இதில் ஒன்றையும் கற்கவில்லை.

4 பிப்ரவரி 2024, இரவு

மேலே விட்டுப்போனது. தேன்கரடிக்கு மேல்தாடையின் நடுவில் இரண்டு வெட்டுப்பற்கள் இயற்கையிலேயே இல்லை. கறையான் உள்ளே செல்லும் வழியே அந்த இடைவெளிதான். ஆகவே பூங்காவில் வாயைத் திறக்கும் கரடியின் முன்பற்கள் காணாமல் இருப்பதைக் கண்டு, அதையும் கலந்தர்கள் (கரடியை வைத்து வித்தை காட்டிப் பிழைத்த சமூகத்தினர்) பிடுங்கிவிட்டார்கள் என்று முடிவு செய்ய வேண்டாம். கோரைப் பற்களைப் பாருங்கள்.

7 பிப்ரவரி 2024

"சிகிச்சை அளித்துவிட்டு விடலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மூக்குப் புண்ணுக்குச் சிகிச்சை உண்டு. மயக்க மருந்து கொடுத்து, சதையோடு ஒட்டிப்போன கயிற்றை வெட்டி எடுத்து, துளையைக் கழுவி மருந்திடுகிறார்கள். உடைந்த பற்களின் வேர்களையும் அகற்றுகிறார்கள். காட்டுக்குள் விட முடியாமல் செய்வது அதைவிடப் பெரிய காரணம்: காசநோய்.

ஒரே குடிசையின் ஓரத்தில் மனிதர்களோடு மூச்சுக்காற்றைப் பகிர்ந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த கரடிகள் இவை. வீட்டில் இருமியவரிடமிருந்து கரடிக்குக் காசநோய் தொற்றியிருக்கிறது. மீட்பு மையங்களில் கரடிகள் இறந்ததற்கு இந்நோய் ஒரு முக்கியக் காரணம். மனிதருக்கே மாதக்கணக்கில் நாள் தவறாமல் மருந்து கொடுக்க வேண்டிய நோய் இது. மருந்தைத் தேனில் குழைத்துக் கரடிக்குக் கொடுக்கலாம். காட்டில் யார் கொடுப்பது? நோயுள்ள ஒரு கரடியைக் காட்டுக்குள் விட்டால், அங்கே நலமாக இருக்கும் கரடிகளுக்கு நாமே நோயை அனுப்பியதாகும். எனவே புதிதாக வரும் கரடியை மற்றவற்றோடு சேர்க்காமல், பரிசோதனைகள் முடியும் வரை தனியே வைத்துக் கண்காணிப்பது கட்டாயம்.

மனிதரைக் கண்டு அஞ்சாத கரடி எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கோத்தகிரியில் இருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் கோயில் கதவையும் கடைக் கதவையும் உடைக்கும் கரடிகள் அங்கே உண்டு. அவை காட்டிலேயே பிறந்தவை. சோறு மனிதன் கையிலிருந்துதான் வரும் என்று மட்டுமே அறிந்த கரடியை விட்டால் அது நேரே ஊருக்குள்தான் நடக்கும்.

10 பிப்ரவரி 2024

"இத்தனை ஆண்டுகள் சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது?" என்ற கேள்விக்கு.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்துவிட்டது. அனுமதியின்றிக் கரடியை வைத்திருப்பதும் அதை வைத்து வித்தை காட்டுவதும் அப்போதிலிருந்தே குற்றம்தான். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்கீழ் 1998-இல் வந்த அறிவிக்கை, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சி விலங்குகளாகப் பழக்கவே கூடாது என்றது. (இதே பிரிவின்கீழ் 2011-இல் காளையைச் சேர்த்ததுதான் ஜல்லிக்கட்டு வழக்கின் திருப்பம் என்பது பலருக்கு நினைவிருக்கும், அந்தச் சண்டையை இங்கே தொடங்க வேண்டாம்.) ஆனால் 1990-களின் நடுவில் ஆய்வு செய்தபோதும் நாட்டில் ஏறத்தாழ 1,200 ஆடும் கரடிகள் இருந்ததாகக் கணக்கிட்டார்கள்.

ஏன் என்பதை ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் நான் பணியில் இருந்தபோது, ஒரு கலந்தர் தன் கரடியை மருந்தகத்துக்கு இழுத்து வந்தார். மூக்குத் துளையில் புழு வைத்திருந்தது. கயிறு நுழையும் இடத்தில் சதை வீங்கிக் கயிற்றின் மேல் உதடு போல் மூடியிருந்தது. டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்ததும் புழுக்கள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. அவற்றை இடுக்கியால் எடுத்து முடிக்கும் வரை அந்தக் கரடி இரண்டு முன்னங்கால்களாலும் தன் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கயிற்றை எடுத்தால்தான் புண் ஆறும் என்றேன். கயிற்றை எடுத்தால் கரடி நிற்காது, கரடி நிற்காவிட்டால் வீட்டில் உலை ஏறாது என்றார் அவர், இரண்டும் உண்மை. வனத்துறைக்குத் தகவல் கொடுத்தேன். அங்கிருந்த அலுவலர் என்னிடம் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பறிமுதல் செய்துவிடுகிறேன் டாக்டர், கொண்டுபோய் எங்கே கட்டுவது? என் குடியிருப்பு வாசலிலா?"

அவரை நான் அன்று மனதுக்குள் திட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தால், முழுச் சிக்கலும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. பறிமுதல் செய்த கரடியை வைக்க இடமில்லாத நாட்டில் கரடியைக் காக்கும் சட்டம் காகிதமாகவே இருக்கும். கார்த்திக் சத்யநாராயணனும் கீதா சேஷமணியும் 1995-இல் தொடங்கிய வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு, உத்தரப் பிரதேச வனத்துறையோடு சேர்ந்து, ஆக்ராவை அடுத்த கீதம் ஏரிக்கரையில், சூர் சரோவர் பறவைகள் சரணாலயத்துக்குள் கரடிகளுக்கென்று இடம் அமைத்தது. முதல் கரடிகள் அங்கே வந்தது 2002 டிசம்பரில். பன்னேர்கட்டா மையம் 2005-இல் தொடங்கியது. போபாலின் வன விகார் தேசியப் பூங்காவிலும் இடம் கிடைத்தது. 2009 டிசம்பரில் கடைசி ஆடும் கரடி என்று அறிவிக்கப்பட்ட ராஜு பன்னேர்கட்டாவுக்கு வந்து சேர்ந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட கரடிகள். சட்டம் தனியாக இருந்த முப்பது ஆண்டுகளில் நடக்காதது, வேலி போட்ட இடம் கிடைத்த ஏழு ஆண்டுகளில் நடந்தது. வேலியைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

11 பிப்ரவரி 2024

டாக்டர் நன்றாகக் கரடி விடுகிறார் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வேலை செய்த காலத்தில் எனக்குக் கரடியை விட அதிகாரம் இருந்ததில்லை; ஓய்வு பெற்ற பிறகாவது விடுகிறேன்.

18 பிப்ரவரி 2024

கலந்தர்களை அரக்கர்களாக்கும் பதிவுகள் இரண்டு வந்துள்ளன; அவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. தலைமுறை தலைமுறையாகக் கரடியை மட்டுமே தொழிலாகக் கொண்ட, நிலமற்ற, நாடோடி முஸ்லிம் சமூகம் அது. முகலாயர் அரண்மனைகளில் தம் முன்னோர் வித்தை காட்டினார்கள் என்று அவர்கள் சொல்வதுண்டு. குட்டியைக் காட்டிலிருந்து களவாடி விற்கும் வலைப்பின்னல் வேறு. அதில் பணம் பார்த்தவர்களும் வேறு.

மீட்பு நடந்த முறை இதை ஒப்புக்கொண்டதாக இருந்தது. கரடியை ஒப்படைக்கும் குடும்பம் இனி இத்தொழிலுக்குத் திரும்புவதில்லை என்று எழுதிக் கொடுக்கும். பதிலுக்கு மாற்றுத் தொழில் தொடங்கப் பணமோ பொருளோ கிடைக்கும். ஆட்டோ ஓட்டியவர்கள், சிறுகடை வைத்தவர்கள், தறி நெய்தவர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்குத் தையல் பயிற்சியும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவும் கொடுக்கப்பட்டன. மீட்பு மையங்களிலேயே கரடி பராமரிப்பாளர்களாகச் சேர்ந்த கலந்தர்களும் உண்டு. கரடியின் உடல்மொழி அவர்களுக்குத் தெரிந்த அளவுக்குப் படித்துவந்த நமக்குத் தெரியாது என்பதை ஒரு மருத்துவனாகவே சொல்கிறேன். இந்தப் பகுதி இல்லாமல் கரடியை மட்டும் பிடுங்கியிருந்தால், அடுத்த பங்குனிக்குள் அதே வீட்டில் வேறொரு குட்டி வந்திருக்கும்.

வாடிக்கையாளர் யார் என்ற கேள்வியும் இருக்கிறதல்லவா? பயந்த குழந்தையைக் கரடி முதுகில் ஏற்றி இறக்கியது நம் வீட்டுப் பாட்டிகள்தான். கரடி முடி வைத்த தாயத்து இல்லாத இடுப்பு என் சிறுவயதுத் தெருவில் ஒன்றுகூட இல்லை. இன்றும் சில திருவிழாக் கடைகளில் விற்கிறார்கள். உண்மையான கரடி முடியாக இருந்தால் அதை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பெரும்பாலும் அது எந்த விலங்கின் முடி என்று விற்பவருக்கே தெரியாது.

2 மார்ச் 2024

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, காட்டில் விட முடியாது என்பதை ஒப்புக்கொண்டாலும், உலாப் பேருந்தில் ஆட்களை ஏற்றிப் போய்க் காட்டுவது காட்சிப்பொருளாக்குவதுதானே என்று கேட்டிருக்கிறார். இதில் எனக்கு இரண்டு மனம்.

முதலில் எழுத நினைத்தது: அங்கே கரடிக்கு முதுகு காட்டிப் போகும் உரிமை இருக்கிறது. பேருந்து வரும் தடத்தின் அருகே அது வர வேண்டுமென்று எவரும் கயிறு இழுப்பதில்லை. பிடிக்காவிட்டால் புதருக்குள் போய்விடலாம், பல கரடிகள் போய்விடுகின்றன. எழுதி முடித்த பின், கடந்த முறை நான் போனபோது பேருந்துக்குள் கேட்ட கூச்சல் நினைவுக்கு வந்தது. கண்ணாடியைத் தட்டுகிறார்கள், சீழ்க்கை அடிக்கிறார்கள், "ஆடு, ஆடு" என்று ஒரு பெரியவரே கத்தினார். பார்வையற்ற கரடிகள் அங்கே உண்டு. அவற்றுக்கு ஒலி எவ்வளவு பெரிய தொந்தரவு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக்ரா மையத்தில் பார்வையாளர்களைக் கட்டுப்பாட்டோடு, சிறிது தூரம் மட்டும் உடன் அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். அந்த முறை மேல் என்பது என் கருத்து. கட்டணம் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. அத்தனை கரடிகளுக்கும் தினமும் கஞ்சி காய்ச்சப் பணம் எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும்.

போக விரும்புகிறவர்களுக்கு: பன்னேர்கட்டாவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஓசூரிலிருந்து ஆளைத் திரட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

9 மார்ச் 2024

பிப்ரவரி 4-ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு, மனிதரிடம் வளர்ந்த கரடியைக் காட்டில் விடவே முடியாது என்று நான் சொன்னதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சொன்னது ஆடும் கரடிகளைப் பற்றி. தாயை இழந்த சிறு குட்டி என்றால் கதை வேறு.

அருணாசலப் பிரதேசத்தில் பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டி 2002 முதல் ஒரு கரடி மறுவாழ்வு மையம் செயல்படுகிறது. மாநில வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துவது. அங்கே வருபவை இமயக் கருங்கரடிக் குட்டிகள். பராமரிப்பாளர் ஒருவர் குட்டிகளைத் தினமும் காட்டுக்குள் நடத்திச் செல்கிறார். அவை மரமேறும், இலையைக் கடித்துத் துப்பும், தொலைந்து திரும்பி வரும். அவர் பேசாமல் பின்னால் நடக்க வேண்டும், அவ்வளவுதான். நாளாக நாளாகக் குட்டி அவரைவிட்டு விலகி இரவிலும் காட்டிலேயே தங்கத் தொடங்கும். அப்போது கழுத்தில், இருக்குமிடத்தைக் காட்டும் வானொலிப் பட்டை கட்டி விட்டுவிடுகிறார்கள். தாய் செய்ய வேண்டிய வேலையை ஒரு மனிதர் தன்னால் இயன்றவரை செய்கிறார். மூக்கும் பல்லும் முழுமையாக இருப்பதாலும், வயது மிகக் குறைவாக இருப்பதாலும், நோயில்லாமல் இருப்பதாலும் அது முடிகிறது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் முடியாது.

20 மார்ச் 2024

நேபாளம் பற்றிக் கேட்டவருக்கு. 2017 டிசம்பரில் அங்கே கடைசி ஆடும் கரடிகள் இரண்டு மீட்கப்பட்டன: ரங்கீலா, ஸ்ரீதேவி. வைக்கத் தனி இடமில்லாததால் காத்மாண்டு அருகிலுள்ள மத்திய உயிரியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள். ஸ்ரீதேவி அங்கேயே இறந்துவிட்டது. ரங்கீலாவை மட்டும் 2018 ஜூலையில் ஆக்ராவுக்குக் கொண்டுவர முடிந்தது. "எங்கே கட்டுவது" என்ற கேள்வி எல்லை கடந்தும் அதேதான்.

இடம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குப் பாகிஸ்தானைச் சொல்ல வேண்டும். நாயை ஏவிக் கரடியைக் கடிக்கவிடும் பந்தயங்களிலிருந்து மீட்ட கரடிகளைக் குந்த் என்னுமிடத்தில், ஆற்றங்கரைப் பூங்காவில் வைத்திருந்தார்கள். 2010 வெள்ளத்தில் அந்த மையமே போய்விட்டது. பெரும்பாலான கரடிகள் மாண்டன. தப்பிய சிலவற்றைப் பஞ்சாப் மாகாணத்தின் பல்கசாரில் அமைத்த புதிய மையத்துக்கு மாற்றினார்கள். ஓடிப் பிழைக்கும் வழியை வேலியால் அடைத்துவிட்ட பிறகு, நீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யோசிக்கும் பொறுப்பு வேலி போட்டவருடையது.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு நாளில் வேப்பம்பூப் பச்சடி பற்றி எழுதாமல் கரடிக் கஞ்சி பற்றி எழுதுகிறேன். மையங்களில் அடிப்படை உணவு தானியக் கஞ்சிதான். கேழ்வரகு அல்லது கோதுமையோடு பாலும் தேனும் முட்டையும் சேரும். கோடையில் தர்ப்பூசணி, குளிர்காலத்தில் பேரீச்சை. ஆக்ராவின் வெயிலுக்கு நீர்த்தொட்டியும் காற்றுக்குளிர்விப்பானும் வைக்கிறார்கள்.

அதைவிடக் கடினமான வேலை, தின்று முடித்த பின் மிஞ்சும் நேரத்தை நிரப்புவது. காட்டுக் கரடிக்கு விழித்திருக்கும் நேரமெல்லாம் உணவு தேடுவதிலேயே போய்விடும். இங்கே தட்டு தானாக வருகிறது. ஆகவே துளையிட்ட மரக்கட்டைக்குள் தேனைத் தடவி வைப்பது, பழத்தைப் பனிக்கட்டிக்குள் உறையவைப்பது, மரச்சட்டத்தில் தொங்கு படுக்கை கட்டுவது என்று எதையாவது புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். பன்னேர்கட்டாவில் ஒரு கரடி தேன் கட்டையோடு மல்லுக்கட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாக்கு எட்டவில்லை, நகத்தை விட்டுப் பார்த்தது, பிறகு உதட்டைக் குழாய் போல் குவித்துத் துளையில் பொருத்தி உறிஞ்சியது. அந்த ஒலி பழைய இரும்புக் கைப்பம்பு அடிப்பது போல் வெகுதூரம் கேட்டது. மூக்கின் மேலே தழும்பு இருந்தும் அந்த வித்தை மட்டும் அதற்கு மறக்கவில்லை, அல்லது எவரும் கற்றுத்தராமலே வருகிறது.

பக்கத்து அடைப்பில் இருந்தது வேறு மாதிரி. வேலியோரம் நாலெட்டு நடக்கும், தலையை இடமும் வலமும் ஆட்டும், திரும்பி நாலெட்டு நடக்கும். கயிறு போய் எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் இப்படி ஆடும் கரடிகள் இருக்கின்றன. இதைக் கண்டு "சந்தோஷத்தில் ஆடுது பாரு" என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். மையத்தின் குறையாகவும் இதைக் கருத வேண்டாம். முன்பு செய்ததன் எச்சம் அது.

12 மே 2024

"ஆடும் கரடிகள் தீர்ந்துவிட்டன என்கிறீர்கள், பிறகு மையங்கள் எதற்கு?" என்ற கேள்விக்குச் சுருக்கமாக. 2009-இல் வந்த கரடிகளே இப்போது கிழடுகள். கண்புரை, மூட்டு வலி, தேய்ந்த பல், ஈரலிலும் பித்தப்பையிலும் வரும் புற்றுநோய் ஆகியவற்றோடுதான் பராமரிப்பாளர்களுக்கு இப்போது வேலை. அவை ஒவ்வொன்றாக இறந்துவருகின்றன, அடைப்புகள் காலியாகின்றன. அப்படித்தான் ஆக வேண்டும். காலியான இடத்தை நிரப்பக் கரடி தேடும் மையத்துக்கு மட்டும் நன்கொடை கொடுக்காதீர்கள். காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் கால் போனவை, கிணற்றில் விழுந்து முதுகெலும்பு முறிந்தவை என்று புதிதாக வருபவையும் உண்டு. அவற்றுக்கு இந்த இடங்கள் தேவைதான்.

13 மே 2024

தனிச்செய்தியில் ஒருவர், தங்கள் தோட்டத்துப் பாறை இடுக்கில் கரடிக்குட்டி தனியாகக் கத்துகிறது, எடுத்து வந்து பால் கொடுக்கலாமா என்று கேட்டார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன். எடுக்காதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கும். பெரும்பாலும் இருட்டியதும் வரும். அது வரும்போது நீங்கள் அருகில் இருந்தால் உங்களுக்கு ஆபத்து. நாயைக் கட்டி வையுங்கள், ஆட்களை அந்தப் பக்கம் போகவிடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லிவிட்டுத் தூரத்தில் இருங்கள். படம் எடுக்கப் போகிறேன் என்று எவராவது கிளம்பினால் அவரையும் கட்டி வையுங்கள்.

13 மே 2024, இரவு

வனக்காவலர்கள் வந்துவிட்டார்களாம், பாறையிலிருந்து ஆட்களை விலக்கிவிட்டார்களாம். பால் புட்டி வாங்கக் கடைக்குப் போன மைத்துனரைத் திருப்பி அழைத்தாயிற்று என்றும் எழுதியிருக்கிறார்.